மெலிஞ்சு போனாய்

போன கிழமை, இங்கிலாந்தில் நான் வேலை செய்கிற பாண் சுடும் ஆலையின் சாப்பாட்டு அறையில் ஒரு கேக் வெட்டினார்கள். யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்து நானும் கையைத் துடைத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன். பிறந்தநாள் இல்லையாம். பொதி கட்டும் பகுதியில் வேலை செய்யும் பிரெண்டா மெலிந்துவிட்டாளாம். அதற்குத்தான் கேக். மேலே வெண்ணெயும் சீனியும் அடித்துப் பூசி, நடுவில் பழப்பாகு வைத்து, பிரெண்டாவே வீட்டில் செய்து கொண்டுவந்திருந்தாள். பெண்கள் அவளைச் சுற்றி நின்று இடுப்பைப் பார்த்துப் பார்த்து வியந்தார்கள். "எவ்வளவு தின்னாகிவிட்டாய்!" என்று ஒருத்தி சொல்ல, பிரெண்டாவுக்குக் கன்னம் சிவந்துபோயிற்று. மெலிந்ததைக் கொண்டாட இப்படியொரு கேக்கா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. ஒரு துண்டை வாங்கிக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். கேக்கைச் சொன்னேனா, அவளைச் சொன்னேனா என்று யாரும் விசாரிக்கவில்லை. இந்த நாட்டில் இன்னொருவரின் உடம்பைப் பற்றி எப்போது வாய் திறப்பது, எப்போது மூடுவது என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். சும்மா தெரிந்துவிடவில்லை.

'தின்' என்பது ஆங்கிலத்தில் மெலிவைக் குறிக்கும் சொல். தமிழில் அதே ஓசைக்கு வேறு பொருள் இருப்பதை வைத்து நம்மவர்கள் விடுகிற பகிடிகளை எல்லாம் கேட்டு அலுத்துவிட்டேன், அதை இங்கே விட்டுவிடுவோம். என் வேலையே அந்தச் சொல்லோடுதான். பாண் வெட்டும் மெஷினில் நிற்கிறேன். துண்டின் தடிப்புக்கு ஏற்ப தின், மீடியம், திக் என்று மூன்று நிலை. தின் போடும் நாளில் கத்தியை அடிக்கடி பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் துண்டு கிழிந்துவிடும். ஆனால் இந்தச் சொல் பாணோடு நிற்பதில்லை. நமக்குத் துணி என்றால் மெல்லிசு, குழம்பு என்றால் தண்ணி, தலைமயிர் என்றால் ஐது, ஆள் என்றால் மெலிவு. இவர்கள் எல்லாவற்றுக்கும் தின் என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மலை உச்சியில் காற்று தின். வந்த புதிதில் ஒருநாள் பிந்தி வந்ததற்கு நான் சொன்ன காரணமும் தின் என்று மேற்பார்வையாளர் சொன்னார். என் சாட்டுக்கும் சூப்புக்கும் ஒரே சொல்லா என்று அன்று எனக்குக் கோபம்கூட வந்தது.

மனிதருக்கு என்று வரும்போதுதான் சிக்கல். 'ஸ்லிம்' என்றால் பாராட்டு, சந்தேகமே இல்லை. 'ஸ்கின்னி' என்றால் கொஞ்சம் குத்தல். தின் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது, சொல்கிற வாயைப் பொறுத்து அங்கேயும் சாயும் இங்கேயும் சாயும். ஒருவர் விரும்பி மெலிந்தால் சொல்லலாம். விரும்பாமல் மெலிந்தால் சொல்லக் கூடாது. உடம்பு வைத்தால் மூச்சுக் காட்டக் கூடாது. விரும்பினாரா இல்லையா என்று எப்படி அறிவது? அதனால்தான் இவர்கள் எல்லோரும் மழையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் கிடக்கும் எங்கள் நெடுந்தீவில் மழையைப் பற்றிப் பேச அதிகம் இல்லை, பெய்தால் பெய்யும். நாங்கள் உடம்பைப் பற்றிப் பேசுவோம். வள்ளம் வந்து துறையில் அணைந்தால், வருகிறவர்களைப் பார்க்க நிற்கிற பெண்களில் யாராவது ஒருவர் முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்வார். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வரும் ஆசிரியரோ, தபால் கந்தோர்க்காரரோ என்றால், "நல்லா இருக்கிறியள், உடம்பு வைச்சிருக்கிறியள்" என்பார்கள். அவர் குச்சிபோல இருந்தாலும் அதுதான். சொந்தப் பிள்ளை வந்தால் பேச்சே வேறு. "மெலிஞ்சு போனாய். கறுத்துப் போனாய். அங்கை ஒழுங்காச் சாப்பாடு தாறேல்லையோ?" இந்த மூன்று வாக்கியமும் ஒன்றன்பின் ஒன்றாக, இந்த ஒழுங்கில் வரும். பிள்ளை மெலிந்திருக்க வேண்டும் என்று அவசியமில்லை. யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், ஒவ்வொரு லீவுக்கும் நான் போய் இறங்கும்போது அம்மா இதைச் சொல்வார். கொழும்பில் கடை வைத்திருந்த என் அண்ணை, சேட்டுப் பொத்தான் பூட்ட முடியாத வயிற்றோடு இறங்குவார். அவருக்கும் அதேதான். துறையில் நிற்கிற ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். பெற்ற பிள்ளையைக் கொழுகொழுவென்று இருக்கிறாய் என்று சொன்னால் நாவூறு பட்டுவிடும் என்ற பயம் ஒன்று. அதைவிடப் பெரியது, நீ எங்களுடையவன், எங்கள் குசினியை விட்டு வேறெங்கும் உனக்கு வயிறு நிரம்பாது என்று ஊரறியச் சொல்வது. அந்நியருக்கு உபசாரம், நம்மவருக்கு மெலிவு. இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் பிழைவிட்டதும் இல்லை.

பிழை விட்டது நான்தான், அதுவும் இங்கே வந்து. மிஸிஸ் ஹார்ப்பர் என்ற விதவையின் வீட்டு மேல்மாடி அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அறையோடு இரவுச் சாப்பாடும் அவர்தான். அவித்த உருளைக்கிழங்கும் இறைச்சியும், அதன் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு குழம்பும். முதலில் முகம் சுளித்தேன், பிறகு இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிடப் பழகினேன். காணும்போதெல்லாம், நன்றாக இருக்கிறீர்கள் என்று உபசாரமாகச் சொல்லிவைப்பேன். நான் வந்து இரண்டாவது கோடையில், அவர் கடற்கரை ஊர் ஒன்றிலிருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போய்ச் சில நாள் நின்றார். வீடு வெறிச்சென்று இருந்தது. அவர் திரும்பி வந்து வாசலில் பெட்டியை வைத்தபோது எனக்கு உண்மையாகவே சந்தோசம். அந்தச் சந்தோசத்தில் வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது. மூன்று வாக்கியத்தையும் ஒழுங்கு தவறாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். நீங்கள் தின்னாகிவிட்டீர்கள் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்தது, "அப்படியா தெரிகிறது?" என்று கூடத்துக் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார். நீங்கள் கறுத்துவிட்டீர்கள் என்றேன். மலர்ந்த முகம் அப்படியே நின்றது. உங்கள் அக்கா உங்களுக்கு ஒழுங்காகச் சாப்பாடு தரவில்லையா என்றேன்.

"என் அக்கா மிக நல்ல சமையல்காரி," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனார். தூக்க வந்த என் கையைத் தட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு சாப்பாடு மேசைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. உப்பு வேண்டுமா, நாளைக்கு மழையாம், அவ்வளவுதான். ஆலையில் ஒருவரிடம் விசயத்தைச் சொன்னேன், அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு, வேறு அறை தேடு என்றார். நான் தேடவில்லை. நான் அன்பாகச் சொன்னதை அவர் அவமானமாக எடுத்தால் அதை விளங்கப்படுத்துவது என் பொறுப்பு, ஓடுவது அல்ல என்று எனக்கு ஒரு பிடிவாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியே போக முடியாதபடி மழை, அவர் அடுப்படியில் கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். நான் எதிரே போய் இருந்து, எங்கள் துறையையும் வள்ளத்தையும் அம்மாவையும் அண்ணையின் வயிற்றையும் எல்லாம் சொன்னேன். அந்நியருக்கு ஒன்று, நம்மவருக்கு ஒன்று என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "அப்படியென்றால் அதற்கு முன்பெல்லாம் என்னைப் பார்த்து நன்றாக இருக்கிறீர்கள் என்று சொன்னாயே, அப்போது நான் யார்?" என்று கேட்டார். அந்நியர் என்றேன். சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டார். அந்த மூன்று வாக்கியத்தையும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னார், சொன்னேன். "மூன்றாவது சரியான அநியாயம்," என்றார். பிறகு எனக்கும் ஒரு கத்தியை எடுத்துத் தந்தார்.

இப்படி இந்த வீட்டில் என் இடம் நிலைத்தது. என் மனம் பிறகு கிடந்து அடித்துக்கொண்டது மற்ற வீட்டை, ஊரிலிருந்த அம்மாவின் வீட்டைப் பற்றி. எங்கள் ஊர் நாகேந்திரம் லண்டனில் இருக்கிறார், என்னைவிட மூத்தவர். அவர் ஊருக்குப் போய்த் திரும்பியதும் என்னைப் பார்க்க வந்தார். வாயெல்லாம் பல். "அம்மாவுக்குச் சந்தோசம் தாங்கேலாமல் போச்சுது. துறையிலை எல்லாருக்கும் முன்னாலை, 'நல்லா இருக்கிறாய் தம்பி, உடம்பு வைச்சிட்டாய்' எண்டவ," என்றார். எனக்குத் திக்கென்றது. அவர் முகத்தைப் பார்த்தேன், அவருக்கு ஒன்றும் விளங்கியதாகத் தெரியவில்லை. தபால் கந்தோர்க்காரருக்குச் சொல்வதை அல்லவா அவருடைய அம்மா அவருக்குச் சொல்லியிருக்கிறார்! பாவம் மனுசன், விருந்தாளியாகிவிட்டார், அதைப் புழுகமாக, பெருமையோடு சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று நினைத்தேன். என் அம்மா அப்படிச் சொல்லமாட்டார். அதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஊருக்குப் போவது என்று நினைத்தாலே, வேறு ஒன்றும் வேண்டாம், துறையில் அந்த ஒரு வார்த்தை வேண்டும் என்றுதான் மனம் கிடந்தது. மெலிஞ்சு போனாய். அதைக் கேட்டுவிட்டால் போதும்.

எழுபதுகளின் கடைசியில்தான் போகக் கிடைத்தது. நான் கண்ணாடியில் பார்க்காமல் இல்லை. மிஸிஸ் ஹார்ப்பரின் கிழங்கும் ஆலையின் இலவசப் பாணும் என் தாடையிலும் இடுப்பிலும் நன்றாகவே படிந்திருந்தன. அதனால் என்ன, அண்ணையின் வயிற்றைவிடவா என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் பண்ணைப் பாலத்தைத் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு என்று ஆடி ஆடிப் போய்க் குறிகட்டுவானில் இறக்கிவிட்டது. அங்கிருந்து மோட்டார் வள்ளம். சாக்கு மூட்டை, மண்ணெண்ணெய்ப் பீப்பா, ஆடு ஒன்று, இவற்றுக்கு நடுவே இங்கிலாந்துச் சப்பாத்தோடு நான். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் ஆரின்ரை பிள்ளை நீர் என்று கேட்டார். சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

துறையில் அம்மா நின்றார். அண்ணையும் அண்ணியும் பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள், வேறு சனமும் நிறைய. அம்மா நரைத்து, தோள் ஒடுங்கி, உண்மையிலேயே மெலிந்து போயிருந்தார். நான் இறங்கி வந்து கிட்ட நின்றேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்தார், முகத்தைப் பார்த்தார், கண் கலங்கியது. பிறகு, சனம் எல்லோருக்கும் கேட்கக்கூடிய குரலில் சொன்னார்.

"நல்லா இருக்கிறாய் தம்பி. நல்லா உடம்பு வைச்சிருக்கிறாய்."

நான் கேட்க வந்த வார்த்தை அதுவல்ல. அழுகை வந்தது. சனம் அதைச் சந்தோசக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டது. வீட்டுக்குப் போனால், கதிரை ஒன்றைத் துடைத்து எனக்குப் போட்டார்கள். அண்ணை பாயில் இருந்தார். எனக்குச் சாப்பிடப் பீங்கான் கோப்பை, பிள்ளைகளுக்கு வழக்கமான எவர்சில்வர் தட்டு. நான் கதிரையைத் தள்ளிவிட்டுப் பாயில் இருந்தேன். "மேலை இருங்கோ, உடுப்பு ஊத்தையாப் போம்," என்று அண்ணி பதறினார். சின்ன வயதில் என் காதைத் திருகிய அண்ணியே இருங்கோ என்கிறார்!

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலை அம்மா குசினியில் தனியாகப் பிட்டு அவித்துக்கொண்டிருக்கும்போது போய்ப் பக்கத்தில் குந்தினேன். சுற்றிவளைக்கவில்லை. "ஏன் அம்மா நான் மெலிஞ்சு போனன் எண்டு நீங்கள் சொல்லேல்லை?" என்று நேரே கேட்டேன்.

அம்மா சிரித்தார். "துறையிலையோ? அவ்வளவு சனத்துக்கு முன்னாலை நான் அப்பிடிச் சொன்னால், பெடியன் அங்கை பட்டினி கிடக்கிறான் எண்டெல்லே ஊர் கதைக்கும்."

"இஞ்சை சனம் இல்லையே. இஞ்சை சொல்லலாம்தானே."

அம்மா பிட்டுக் குழலை இறக்கிவைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். வடிவாக, ஆறுதலாக, நேரமெடுத்துப் பார்த்தார். "அண்ணைக்குச் சொல்லலாம். அவன் கொழும்பிலை கடைச் சாப்பாடு. உனக்கு ஒரு மனுசி சமைச்சுப் போடுறா எண்டு எழுதினனீ. உன்னைப் பாத்தாலே தெரியுது, நல்லாத்தான் பாக்கிறா. உன்னை மெலிஞ்சு போனாய் எண்டால், அந்த மனுசி செய்ததை இல்லை எண்டு சொன்னதாப் போகும். அது பாவம்." இவ்வளவும் சொல்லிவிட்டு, சூடு ஆறமுன்னம் சாப்பிடு என்று பிட்டை என் பக்கம் தள்ளினார்.

பிட்டில் கையை வைத்தேன். கோபப்படவும் முடியவில்லை. முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் குசினிக்கு அம்மா மரியாதை செய்கிறார். அது நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தில் நான் கேட்டு வந்த வார்த்தை எனக்கு இல்லாமல் போய்விட்டது. அம்மா என்னைத் தன் குசினியிலிருந்து எடுத்து மிஸிஸ் ஹார்ப்பரின் குசினிக்குக் கொடுத்துவிட்டார் என்றே அன்று எனக்குத் தோன்றியது.

உடம்பும் அவர் பக்கம்தான் நின்றது. ஊர்த் தண்ணீர் என் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எந்த உவர்த் தண்ணீரைக் குடித்து வளர்ந்தேனோ, அதுவே என்னைப் படுத்திவிட்டது. அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தார், கஞ்சி வைத்தார், நண்டு வாங்கிக் கறி ஆக்கினார். ஆக்கியதில் பாதியை நான் சாப்பிட முடியாமல் தள்ளிவைத்தேன். எழும்பி நடந்த நாட்களில் வெயிலில் அலைந்தேன். போகும் நாள் வந்தபோது காற்சட்டை இடுப்பில் நிற்காமல், அண்ணையின் பெல்ட் ஒன்றை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

துறையில் வள்ளத்தின் இயந்திரத்தை முடுக்கிவிட்டார்கள். அம்மா ஒரு பார்சலை என் கையில் திணித்தார். பயற்றம் பணியாரம், உனக்கில்லை, அந்த மனுசிக்கு என்றார். பிறகு என் கன்னத்தைத் தொட்டவர், அங்கேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"மெலிஞ்சு போனாய்," என்றார். மெதுவாக, எனக்கு மட்டும். "கறுத்தும் போனாய். அம்மா ஒழுங்காச் சாப்பாடு தரேல்லையோ எண்டு அந்த மனுசி கேக்கப்போகுது. நான் என்ன செய்ய?"

வரும்போது கேட்க வேண்டியதைப் போகும்போது கேட்டேன். வள்ளத்தில் ஏறியபின் நான் திரும்பிப் பார்த்துக் கையசைத்தேனா என்றுகூட நினைவில்லை. இப்போது அம்மா நாணுவது மிஸிஸ் ஹார்ப்பரின் முன்னால், அதுவும் என் உடம்பை வைத்து. இதை எண்ணியபடியே வள்ளத்தில், பஸ்ஸில், பிளேனில் எல்லாம் இருந்தேன்.

இங்கே வந்து சேர்ந்தது ஒரு சனிக்கிழமை பின்னேரம். சாவி என்னிடம் இருந்தது, ஆனால் மணியை அடித்தேன், ஏன் என்று தெரியவில்லை. மிஸிஸ் ஹார்ப்பர் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்தார், அண்ணையின் பெல்ட்டைப் பார்த்தார். மழையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அவர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டார்.

"மெலிந்துவிட்டாய்," என்றார், தன் ஆங்கிலத்தில். "கறுத்துவிட்டாய்." நெற்றியைச் சுருக்கி யோசித்தார், மூன்றாவது நினைவுக்கு வந்துவிட்டது. "உன் அம்மா உனக்கு ஒழுங்காகச் சாப்பாடு தரவில்லையா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு முகமும் சூடேறியது. "என் அம்மா மிக நல்ல சமையல்காரி," என்று சொல்லிப் பார்சலை நீட்டினேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது. அவர் அதைக் கவனித்தார். பார்சலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மேசையில் எனக்காக இறைச்சியும் கிழங்கும் மூடி வைத்திருந்தார். அவர் நூலை அவிழ்த்துப் பணியாரத்தை ஒரு நல்ல தட்டில் அடுக்கி, அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். ஒன்றை எடுத்துக் கடித்து, கண்ணை மூடி மென்று, தலையை ஆட்டினார். பிறகு எதிரே இருந்துகொண்டு, நான் எதில் முதலில் கை வைப்பேன் என்று பார்த்தார். எனக்குப் பசியே இல்லை. இரண்டு வீட்டின் மானமும் அந்த மேசையில் இருந்தது. ஒரு வாய் கிழங்கு, ஒரு வாய் பணியாரம் என்று, இரண்டு தட்டும் காலியாகும்வரை நான் சாப்பிட்டேன்.